ஓர்கிட் சாடிக்குள் நத்தை: மலையக வீட்டுத் தோட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

மழை விட்ட காலையில் இஸ்தோப்பில் தொங்கும் ஓர்கிட் சாடியைப் பார்த்தால், முந்தின நாள் மாலை வரை பச்சையாக நீண்டிருந்த வேர் நுனியைக் காணோம். பூந்தண்டில் இரண்டு மொட்டுகள் பாதியாகக் குடையப்பட்டிருக்கின்றன. சாடியின் விளிம்பில் வெள்ளி நூல் போல ஒரு கோடு காய்ந்து மின்னுகிறது. அந்தக் கோடுதான் சாட்சி. கரப்பானும் வேர் நுனியைக் கடிக்கும், வெட்டுக்கிளியும் மொட்டைத் தின்னும். ஆனால் அவை கோடு விட்டுப்போவதில்லை. கோடு இருந்தால் வந்துபோனது நத்தைதான்.

கோவா செடியின் ஓர் இலையை நத்தை தின்றால் அடுத்த இலை வந்துவிடும். ஓர்கிட் அப்படி ஈடுகொடுக்காது. நுவரெலியாக் குளிரில் நன்றாக வளரும் சிம்பிடியம் பொதுவாக ஆண்டுக்கு ஒரு தடவைதான் பூக்கிறது. அந்தத் தண்டு ஓர் இரவில் போனால், போனது ஓராண்டு. ஆய்வுகூடப் போத்தலில் இருந்து எடுத்து நட்ட சிறு கன்று முதல் பூவைக் காட்ட, இனத்தைப் பொறுத்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை செல்லும். பூவையோ கன்றையோ விற்று வீட்டுச் செலவுக்கு நாலு காசு பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, இது அழகுச் செடியின் பிரச்சினை மட்டுமல்ல.

மலையகத்தில் சாடிக்குத் தனி மதிப்பு உண்டு. லயத்துக் காம்பராவுக்கு முன்னால் உள்ள துண்டு நிலம் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தினுடையது. ஏழு பேர்ச் காணியும் வீடும் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், இன்னும் கிடைக்காமல் காத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். மண்ணில் நட்டது நிருவாகத்தின் நிலத்தில் நிற்கும். சாடியில் வளர்ந்தது நம்மோடு வரும். 1958, 1977, 1983 என்று வீட்டை விட்டு ஓடியவர்களுக்கும், வன்னியில் கிராமம் கிராமமாக இடம்பெயர்ந்தவர்களுக்கும் இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

ஆனால் நம்மோடு வரும் சாடியில் நத்தையும் வருகிறது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் செய்முறைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விடயத்தைச் சுற்றியவைதான்.

வட்டவளைக்கு வந்த நத்தை

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வழியில் வட்டவளை இருக்கிறது. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்யும். இன்று நாடு முழுவதும் தெரிந்த ஆபிரிக்க இராட்சத நத்தை இலங்கை மண்ணில் முதலில் விடப்பட்ட இடமும் இதுதான்.

கிழக்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை மொரிஷியஸ் தீவுக்கு வந்து, அங்கிருந்து 1847 இல் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயரின் கைவழியாகக் கல்கத்தாவுக்குப் போனது. சௌரங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. பென்சன் நத்தை ஆராய்ச்சியில் பெயர்பெற்றவர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1900 அளவில், ஒலிவர் கொலெட் என்பவர் கல்கத்தாவிலிருந்து உயிருள்ள நத்தைகளை வருவித்து வட்டவளையில் விட்டார். இவரும் இலங்கை நத்தைகளைப் பற்றி எழுதிய ஆர்வலர்தான். பத்தாண்டுக்குள் அது தாழ்நிலத்தில் பெருகிவிட்டது. 1910 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரச பூச்சியியலாளர் ஈ. ஈ. கிறீன் அதைப் பற்றி எழுதவேண்டிய நிலை வந்தது. களுத்துறைப் பக்கம் அவ்வளவு பெருகியதால் பழைய விவசாயத் திணைக்கள வெளியீடுகளில் அதற்குக் ‘களுத்துறை நத்தை’ என்றே இன்னொரு பெயர் இருக்கிறது. வட்டவளையின் பெயர் அதில் ஒட்டவில்லை.

நத்தைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த இருவரே இதைக் கொண்டுவந்து விட்டார்கள் என்பது யோசிக்க வைக்கிற விடயம். வேண்டுமென்று கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. கோப்பி, சிங்கோனா, தேயிலை என்று எதையும் கொண்டுவந்து நட்டுப் பார்க்கலாம் என்ற காலம் அது. ஹக்கலைத் தாவரவியல் பூங்காவே 1861 இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்டதுதான்.

போரும் இந்த நத்தையைக் காவியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரையொட்டிய காலத்தில் ஜப்பானியர்கள் பசிபிக் தீவுகள் பலவற்றுக்கு அதை உணவுக்காகக் கொண்டுபோனார்கள். போர் முடிந்து அங்கிருந்து அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிய இராணுவத் தளபாடங்களில் ஒட்டிக்கொண்டு அது கலிபோர்னியாத் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. புளோரிடாவுக்கு 1966 இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். அவற்றின் சந்ததியை ஒழித்து முடிக்க 1975 வரை சென்றது, செலவு பத்து இலட்சம் டொலருக்கு மேல். மூன்று நத்தை போதும். ஒரு சாடி போதும் என்பதும் அதே கணக்குத்தான்.

எந்த நத்தை என்று தெரிந்துகொள்வது

ஓர்கிட்டுக்கு வரும் நத்தைகள் ஒரே வகை அல்ல. வகை தெரியாமல் செய்யும் வேலை வீண் போகும்.

ஆபிரிக்க இராட்சத நத்தையை அடையாளம் காண்பது சுலபம். கூம்பு போன்ற மண்ணிற ஓடு, அதில் கருங்கபில வரிகள், வளர்ந்தது உள்ளங்கை அளவு. ஒரே நத்தையிடம் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஒரு தடவையில் நூறு முதல் நானூறு முட்டை வரை மண்ணுக்குள் இடும், ஆண்டுக்குப் பல தடவை இடும். முட்டை இளமஞ்சள் கலந்த வெள்ளை, மிளகளவு. கினிகத்தேனை, வட்டவளை, நாவலப்பிட்டிப் பக்கத்துச் சூட்டுக்கு இது நன்றாகப் பெருகும். ஓடு வளரச் சுண்ணாம்பு தேவை என்பதால், வெள்ளையடித்த சுவரைச் சுரண்டித் தின்னும். லயத்துச் சுவரில் இரவில் இது ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீருக்காக மட்டும் ஏறியது என்று நினைக்கவேண்டாம்.

நுவரெலியா மேட்டுக்குப் போகப் போக இதைவிட ஓடில்லா நத்தைகளே தொல்லை. அட்டையோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அட்டை இரத்தம் குடிக்கும், ஓடில்லா நத்தை இலை தின்னும். சாம்பல் நிறத்தில், விரல் நீளத்துக்கும் குறைவாக இருக்கும் ஐரோப்பிய வகை, மரக்கறித் தோட்டங்களில் சலாது இலையையும் கோவாவையும் ஓட்டையாக்குவது, ஓர்கிட்டில் மொட்டையும் இதழையும் தேடி வரும்.

மூன்றாவது வகைதான் மோசம், ஏனென்றால் கண்ணில் படாது. சாடிக்குள் தும்பு, கரி, மட்டைத் துண்டுகளுக்கிடையில் வாழும் சின்ன நத்தைகள். சில தட்டையாக, ஐந்து மில்லிமீற்றர் அகலத்தில், தேன் நிறத்தில் இருக்கும். சில ஊசி போல நீண்டு ஒரு சென்ரிமீற்றர் வரும். வட அமெரிக்காவிலிருந்து உலகமெங்கும் சாடிகளோடு பரவிய ஒரு தட்டை நத்தைக்கு, வளர்ப்பவர்கள் ‘ஓர்கிட் நத்தை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஹவாய் தீவுகளில் ஓர்கிட் பண்ணைகளுக்கு அது பெரிய நட்டம். இவை இலையில் ஓட்டை போடுவதில்லை. இளம் வேர் நுனிகளை உள்ளுக்குள் தின்றுவிடும். செடி காரணம் தெரியாமல் சோரும். நாம் உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போடுவோம், அல்லது தண்ணீர் கூட ஊற்றுவோம். நத்தைக்கு வேண்டியதும் அந்த ஈரம்தான்.

கொல்லக்கூடாத நத்தைகளும் உண்டு. இலங்கையில் ஏறத்தாழ 250 வகைத் தரை நத்தைகள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஈரவலய மரங்களில் வாழும் அக்காவஸ் என்ற பெரிய நத்தை அவற்றில் ஒன்று. உருண்டு திரண்ட பளபளப்பான ஓடு, வாய் விளிம்பு சிவப்போ கருமையோ வெண்மையோ தடித்து மடிந்திருக்கும். மரப்பட்டையில் உள்ள பாசி போன்றவற்றைச் சுரண்டித் தின்று வாழ்வது. ஒரு தடவைக்கு மிகச் சில முட்டைகளே இடும், அவையும் ஒரு சென்ரிமீற்றர் அளவு பெரியவை. காட்டோரத் தோட்டங்களில், குறிப்பாகக் கினிகத்தேனையை அண்டிய பகுதிகளில், இதைக் கண்டால் ஆபிரிக்க நத்தை என்று நசுக்கிவிடாமல் மரத்தில் விட்டுவிட வேண்டும். கூம்பும் வரியும் இருந்தால் ஆபிரிக்கன், உருண்டையும் தடித்த வாயும் இருந்தால் நம்முடையது. இந்த அடையாளம் போதும்.

கையும் விளக்கும்

நத்தைக்கு இன்றுவரை கண்டுபிடித்த வழிகளில் நம்பகமானது கையால் பொறுக்குவதுதான். கேட்க அலுப்பாக இருக்கும், உண்மை அதுதான். மழை பெய்து ஓய்ந்த இரவில், எட்டு மணிக்குப் பிறகு, டோர்ச் விளக்கோடு பத்து நிமிடம் போதும். காலையில் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் தேடுவது பயனில்லை. வெளிச்சம் வருமுன்பே அவை ஒளிந்துவிடும். சாடியின் அடிப்பக்கம், சாடியைத் தாங்கும் பலகையின் கீழ், சுவரோடு சேர்ந்த மூலை, தண்ணீர்ப் பீப்பாயின் பின்பக்கம் இவற்றைப் பார்க்கவேண்டும். முதல் கிழமையில் தினமும், பிறகு கிழமைக்கு இரண்டு தடவை.

வெறுங்கையால் தொடக்கூடாது. சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பொறுக்கினால் போதும். காரணம் பின்னால் வருகிறது. பொறுக்கியதைச் சவர்க்காரம் கலந்த தண்ணீர் வாளியில் போட்டு, இறந்த பிறகு, ஓர் அடி ஆழமாவது தோண்டிப் புதைக்கலாம். மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தூவினால் நாற்றம் குறையும். ஓடைக்குள்ளோ தேயிலை மலைக்குள்ளோ எறிவது பிரச்சினையை அடுத்த லயத்துக்கு அனுப்புவதாகும். அது திரும்பி வரும்.

பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவுவது இரை. மாலையில் கழிவுக் கோவா இலை, பப்பாசித் தோல், வெள்ளரித் துண்டு ஏதாவது ஒன்றை நனைந்த சாக்குத் துண்டின் கீழ் வைத்துவிட்டு, விடியுமுன் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் நத்தைகள் கூடியிருக்கும். சாடிக்குள் உள்ள சின்ன நத்தைகளுக்கு உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய பக்கம் கீழே படும்படி தும்பின் மேல் வைக்கவேண்டும். காலையில் கிழங்கைத் திருப்பினால் அடியில் ஒட்டியிருக்கும். செடி சோர்வதற்குக் காரணம் நத்தையா இல்லையா என்று அறிவதற்கும் இதுவே மலிவான பரிசோதனை. தொடர்ந்து மூன்று இரவு வைத்தும் ஒன்றும் வராவிட்டால் வேறு காரணத்தைத் தேடலாம்.

அடுத்தது, சாடியை முக்குவது. ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, தும்பு மூழ்கும் மட்டத்துக்குச் சாடியை இறக்கி, ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலம் வைக்கவேண்டும். மூச்சுக்குத் திணறும் நத்தைகள் மேலேறி வரும், பொறுக்கிவிடலாம். பலனொப்சிஸ் போன்ற, இலைகள் நடுவில் கிண்ணம் போலச் சேரும் செடிகளில் அந்த நடுக்குருத்துக்குள் தண்ணீர் தேங்க விடக்கூடாது, அழுகிவிடும். முட்டைகள் இந்தக் குளிப்பில் சாவதில்லை. அதனால் பத்து நாளுக்கு ஒரு தடவை என்று மூன்று தடவையாவது செய்தால்தான் பலன்.

இவ்வளவு செய்தும் தீராவிட்டால் சாடியை மாற்றவேண்டியதுதான். பழைய தும்பும் பொச்சு மட்டையும் இரண்டு ஆண்டில் உக்கி, சேறு போலாகி, நத்தைக்கு மெத்தையாகிவிடும். செடியை எடுத்து, வேரை ஓடும் தண்ணீரில் கழுவி, செத்த வேர்களை வெட்டி, புதிய ஊடகத்தில் வைக்கவேண்டும். ஈரமான பகுதிகளில் தும்பைக் குறைத்து, கரியும் உடைந்த ஓட்டுத் துண்டும் கூட்டுவது நல்லது. அவை சீக்கிரம் காயும், உக்குவதில்லை. வண்டா போன்ற செடிகளை ஊடகமே இல்லாமல் வேர் தொங்க விட்டு வளர்க்கலாம், நத்தைக்கு ஒளிய இடமே இருக்காது. பழைய தும்பைத் தோட்டத்தில் கொட்டாமல் எரித்துவிடலாம்.

மாலையில் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றுவது செலவில்லாத வைத்தியம். இரவுக்குள் மேற்பரப்பு காய்ந்திருந்தால் நத்தையின் நடமாட்டம் குறையும். தென்மேல் பருவ மழை நாட்களில் ஹட்டன் பக்கம் எதுவும் காயாது என்பது உண்மைதான். வைகாசி வருமுன்பே, தை, மாசி வெயில் நாட்களில் சாடி மாற்றும் வேலையையும் சுற்றுப்புறத்தில் கிடக்கும் கல், பலகை, உடைந்த தகரங்களை அகற்றும் வேலையையும் முடித்துக்கொள்வது அதற்காகத்தான்.

உப்பு, முட்டைக்கோது, தேயிலைச் சக்கை

உப்பு நத்தையைக் கொல்லும், செடியையும் கொல்லும். ஓர்கிட் வேர் உப்பைத் தாங்காது. சாடியில் மட்டுமல்ல, சாடியின் கீழேயும் தூவவேண்டாம்.

முட்டைக்கோதை நொறுக்கிச் சாடியைச் சுற்றிப் போடச் சொல்வார்கள். பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018 இல் முட்டைக்கோது, செப்புப் பட்டி, கூர்மணல், மரப்பட்டைத் துண்டு, கம்பளிக் குளிசை ஆகிய ஐந்தையும் சலாதுப் பயிரில் வைத்துப் பார்த்தது. எதுவுமே போடாத பயிருக்கும் இவற்றுக்கும் சேதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சுண்ணாம்பு தேடி அலையும் நத்தைக்கு முட்டைக்கோது விருந்தாகவே இருக்கலாம். சாம்பல் காய்ந்திருக்கும் வரை வேலை செய்யும். மலையகத்து மூடுபனியில் அது ஓர் இரவும் காய்ந்திருக்காது. செப்பைத் தொட நத்தை தயங்கும் என்பது மெய்தான், பலகையின் காலில் அகலமாகச் சுற்றினால் ஓரளவு உதவலாம். அதற்குக் காசு செலவழிப்பதைவிட, பலகையின் நாலு காலையும் தண்ணீர் நிறைத்த பழைய ரின்களில் நிறுத்துவது மேல். கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை ஊற்றி மாற்றாவிட்டால் அதில் நுளம்பு பெருகும், நத்தைக்குப் பயந்து டெங்குவை அழைத்ததாகிவிடும். தொங்கும் சாடிகளுக்கு இந்தத் தடைகள் எதுவும் பெரிதாக உதவுவதில்லை. அங்கே நத்தை ஏறிவருவதில்லை, உள்ளேயேதான் இருக்கிறது.

கேரளத்தில் ஆபிரிக்க நத்தை பெருகிய ஊர்களில் புகையிலைக் கசாயத்தோடு துத்தம் கலந்து தெளிக்கிறார்கள். சுவருக்கும் வேலிக்கும் சரி. துத்தம் செப்பு உப்பு. ஓர்கிட்டில், குறிப்பாக டென்ட்ரோபியத்தில் பட்டால் குருத்துக் கருகும்.

தேயிலைக்கு வருவோம். குடித்து முடித்த தேயிலைச் சக்கையைச் சாடியில் போட்டால் நத்தை வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இதற்கு ஒரு விஞ்ஞானப் பின்னணி உண்டு, அது பாதிதான் நமக்குச் சாதகம். 2002 இல் ஹவாயில் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர் ரொபர்ட் ஹொலிங்ஸ்வர்த்தும் சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். தவளைகளை ஒழிக்கக் கஃபீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தபோது ஓடில்லா நத்தைகள் செத்துக் கிடப்பதைக் கண்டு, அதைத் தனியே சோதித்தார்கள். இரண்டு வீதக் கஃபீன் கரைசலை ஓர்கிட் சாடியில் ஊற்றியபோது உள்ளே இருந்த சின்ன நத்தைகளில் பெரும்பாலானவை இறந்தன. வழக்கமான நத்தை மருந்தைவிட அது நன்றாக வேலை செய்தது. செறிவு மிகக் குறைந்த கரைசல்கூட இலையைத் தின்னவிடாமல் ஓரளவு தடுத்தது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இரண்டு கிராம் தேயிலையில் ஊற்றிய ஒரு கோப்பைச் சாயத்தில் ஏறத்தாழ நாற்பது, ஐம்பது மில்லிகிராம் கஃபீன் இருக்கும். இருநூறு மில்லிலீற்றரில் அது 0.02 வீதம் அளவு. கொல்லத் தேவையானது அதைப் போல நூறு மடங்கு. ஊற்றிக் குடித்த பிறகு எஞ்சும் சக்கையில் இன்னும் குறைவு, ஏனென்றால் கஃபீன் சுடுதண்ணீரில் இலகுவில் இறங்கிவிடும், அதை நாம் குடித்துவிட்டோம். சக்கை செய்வது ஒன்றுதான். ஈரத்தைப் பிடித்துவைத்து, உக்கி, நத்தைக்கு வீடாகிறது. ஆறிய கடுஞ்சாயத்தை மொட்டின் மேல் தெளிப்பதில் தீங்கில்லை, ஓர் இரவுக்கு நத்தை முகம் சுளிக்கக்கூடும், அடுத்த மழையில் கழுவிப் போய்விடும். கஃபீன் தூள் வாங்கிக் கரைக்கும் யோசனை வேண்டாம். அந்தச் செறிவில் சில செடிகளின் இலை கருகுவதுண்டு, மனிதர்க்கும் அது நஞ்சு. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வது மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சக்கையை ரோசாச் செடிக்குப் போடுங்கள்.

நோயும் நஞ்சும்

வெறுங்கையால் தொடக்கூடாது என்று சொன்னதற்குக் காரணம் எலி நுரையீரல் புழு. எலியின் உடலில் வாழும் இந்தப் புழுவின் குடம்பிகள் எலிப் புழுக்கையை உண்ணும் நத்தைக்குள் போய் வளரும். நத்தையையோ நத்தை ஒளிந்திருக்கும் பச்சை இலையையோ மனிதர் சமைக்காமல் உண்டால், குடம்பி மூளையுறைக்குப் போய் அழற்சியை உண்டாக்கலாம். கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் குத்துவது, எரிவது போன்ற உணர்வு அறிகுறிகள். இலங்கையில் மனிதக் கண்ணில் இந்தப் புழு காணப்பட்ட சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அரிதான நோய்தான். ஆனால் லயத்துச் சூழலில் எலியும் நத்தையும் ஒன்றாக இருக்கின்றன, நாம் வல்லாரைச் சம்பலைப் பச்சையாகவே சாப்பிடுகிறோம். ஓர்கிட் சாடிக்குக் கீழே வல்லாரைப் பாத்தி இருந்தால் இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பயிரில் ஒட்டிய ஒரு குட்டி நத்தை கண்ணுக்குத் தப்பிவிடும் அளவு சின்னது. பிள்ளைகளை நத்தை பொறுக்கச் சொல்லிக் காசு கொடுப்பது சில இடங்களில் நடக்கிறது. கையுறையும் சவர்க்காரமும் இல்லாமல் அதைச் செய்யவேண்டாம்.

மருந்துக் கடைக்குப் போனால் நத்தைக்கென்று தரும் குளிசைகளில் பொதுவானது மெற்றல்டிஹைட். தவிட்டில் கலந்திருப்பதால் நாய்க்கும் அதன் மணம் பிடிக்கும். தின்ற நாய் நடுங்கி, வலிப்பு வந்து செத்துப்போகும். லயத்தில் ஒரு வீட்டு நாய் என்று இல்லை, எல்லா வீட்டு நாயும் எல்லா இஸ்தோப்புக்கும் வரும். சின்னப் பிள்ளைகளும் வரும். பிரித்தானியாவில் 2022 வசந்தகாலத்திலிருந்து வெளித்தோட்டங்களில் இதைப் பயன்படுத்தத் தடை. மழையில் அதன் வீரியமும் குறையும், நனைந்த நத்தை பிழைத்துக்கொள்ளும். ஐயன் பொஸ்பேற் என்ற இரும்புச் சேர்வையில் செய்த குளிசை இதைவிடப் பாதுகாப்பானது. தின்ற நத்தை சாப்பாட்டை நிறுத்தி, சில நாளில் ஒளிந்த இடத்தில் செத்துவிடும். பிணம் கண்ணில் படாததால் வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடவேண்டாம். எதை வாங்கினாலும் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்தின் பதிவிலக்கமும் தமிழில் எழுதிய அறிவுறுத்தலும் பொதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரித்து, கடதாசியில் சுற்றி, பெயரில்லாமல் தருவதை வாங்கக்கூடாது. சந்தேகத்துக்குக் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம்.

நஞ்சு வைக்காதிருக்க இன்னொரு காரணமும் உண்டு. செண்பகம் ஆபிரிக்க நத்தையைத் தூக்கிப்போய் உடைத்துத் தின்னும். மின்மினி இனம் ஒன்றின் புழு, ஓட்டுக்குள் தலையை நுழைத்து நத்தையை உயிரோடு தின்றுவிடும். 1924 இலேயே இலங்கை விவசாயத் திணைக்களத்தின் ஹட்சனும் ஒஸ்டினும் அந்தப் புழுவின் வாழ்க்கையை ஆராய்ந்து தனி வெளியீடாகப் போட்டார்கள். தட்டையாக, அடுக்குத் தகடு போல, வால் பக்கம் ஒளிரும் புழுவைச் சாடியருகே கண்டால் பயந்து நசுக்கவேண்டாம். அதே சமயம், இரை பிடிக்கும் உயிரைப் பிற நாட்டிலிருந்து வருவித்து விடும் யோசனை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்குத் தென் பசிபிக்கின் மூரியா தீவு உதாரணம். ஆபிரிக்க நத்தையைத் தின்னவென்று 1977 இல் அங்கு விட்ட ஊனுண்ணி நத்தை, அதைவிட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய சின்ன மரநத்தைகளைத் தின்று பத்தே ஆண்டில் காட்டிலிருந்து இல்லாமலாக்கிவிட்டது.

புதுச் செடி வரும்போது

கண்காட்சியிலும் பாதையோரக் கடையிலும் வாங்கிய செடி, அயல் வீட்டில் கேட்டு வாங்கிய துண்டு, எதுவானாலும் முதல் ஒரு மாதம் மற்றச் சாடிகளோடு சேர்க்காமல் தனியே வைக்கவேண்டும். முதல் நாளே முக்கிப் பார்க்க வேண்டும். பிறகு கிழங்குத் துண்டு வைத்துப் பார்க்க வேண்டும். சின்ன நத்தையின் முட்டை பொரிக்க இரண்டு மூன்று கிழமை செல்லும் என்பதால் ஒரு கிழமைத் தனிமை போதாது. காட்டிலிருந்து பிடுங்கிவரும் செடியில் நத்தை மட்டுமல்ல, சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும். இலங்கையின் ஏறத்தாழ 190 காட்டு ஓர்கிட் இனங்களில் பல சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

ஹட்டனிலிருந்து வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ உறவினர் வீட்டுக்குச் செடி கொண்டுபோகிறவர்கள் சாடியோடு கொண்டுபோகாதீர்கள். மாரி தொடங்கியதும் வடக்குத் தோட்டங்களுக்கு இருக்கும் தொல்லை போதும். புறப்படும் முதல் நாள் செடியைச் சாடியிலிருந்து எடுத்து, தும்பு முழுவதையும் உதறி, வேரைக் கழுவி, இலை மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்து, நிழலில் அரை நாள் காயவிடுங்கள். ஈரமில்லாத பழைய பத்திரிகையில் தளர்வாகச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஓர்கிட் வேர் இரண்டு மூன்று நாள் தண்ணீரில்லாமல் தாங்கும். சாடியும் கரியும் அங்கே கிடைக்கும்.